வெள்ளைச் சாலைகள் விற்பனைக்காகப் போட்டவை அல்ல

கிராவல் சைக்கிள் என்பதே கம்பெனிக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்ற பேச்சு, சைக்கிள் ஓட்டுபவர்கள் மத்தியிலேயே இன்று வேரோடிவிட்டது. தார்ச்சாலைக்கு ஒரு சைக்கிள் விற்றார்கள், மலைத்தடத்துக்கு ஒன்று விற்றார்கள், இரண்டையும் வாங்கி முடித்தவரிடம் மூன்றாவதாக எதை விற்பது என்று யோசித்தபோது சிக்கியதுதான் இந்தக் கப்பிச் சாலை மோகம். நல்ல தார்ச்சாலை பக்கத்திலேயே இருக்க, அதை விட்டிறங்கிப் புழுதியில் உருளுவதற்குச் சாகசம் என்று பெயர் வைத்துக் காசாக்குகிறார்கள் என்பது அவர்கள் கட்சி. விளம்பரங்களில் ஓயாமல் வந்துபோகும் இத்தாலியின் டஸ்கனி திராட்சைக் குன்றுகளையே இதற்குச் சான்றாகவும் காட்டுகிறார்கள்: சைப்ரஸ் மரங்கள், கல் வீடு, வளைந்து ஏறும் வெள்ளைச் சாலை, மாலை வெயில், பல லட்சம் ரூபாய் பெறும் சைக்கிள். இந்தக் கட்சியில் விளம்பரத்தின் மீதுள்ள சந்தேகம் மட்டும் நியாயமானது. மற்றதெல்லாம் முன்பின் மாறிக் கிடக்கிறது. அந்தக் குன்றுகளில் எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று வரிசைப்படுத்திப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். சாலை முதலில் வந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று இறங்கியவர்கள் அடுத்து வந்தார்கள். சைக்கிள் கம்பெனிகள் எல்லோருக்கும் பின்னால் வந்தன.

டஸ்கனியின் கியாந்தி மலைப்பகுதியில் கயோலே என்று ஒரு சிற்றூர். 1997-இல் ஜியான்கார்லோ பிரோச்சி என்பவர் அங்கே 92 பேரைத் திரட்டி, பழைய சைக்கிள்களில் மண்சாலை வழியே ஒரு நெடும்பயணம் நடத்தினார். அதற்கு லெரோயிகா என்று பெயர். சியெனா மாவட்டத்தின் வெள்ளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்கடியில் மறைந்துகொண்டிருந்த காலம் அது. அவற்றில் மிஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டும், அதற்கு அந்தச் சாலைகளில் ஆள் நடமாட்டம் வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். அந்த நிகழ்வின் விதிகளைப் பாருங்கள். சைக்கிள் 1987-க்கு முந்தையதாகவோ, அந்தக்கால முறைப்படியே கட்டியதாகவோ இருக்க வேண்டும். கியர் மாற்றும் நெம்புகோல் ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பாதத்தைப் பெடலோடு சேர்த்துக் கட்டத் தோல்வார் வேண்டும். பிரேக் கேபிள் ஹேண்டில்பாரின் சுற்றுநாடாவுக்கு வெளியே வளைந்து தெரிய வேண்டும். கடைகளில் புதிதாக வந்திறங்கும் கார்பன் சைக்கிள் எதற்கும் அங்கே வாசல் திறக்காது. விற்பனைக்காகக் கிளப்பிவிட்ட மோகம் என்றால், அது தொடங்கிய இடத்திலேயே புதுச் சரக்குக்குக் கதவைச் சாத்துவானேன்?

அமெரிக்காவிலும் வரிசை இதேதான். கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில், இன்று அன்பவுண்ட் என்று பெயர் பெற்றிருக்கும் 200 மைல் கப்பிச் சாலைப் பந்தயம் 2006-இல் சில பத்துப் பேருடன் தொடங்கியது. அன்று அதற்கென்று ஒரு சைக்கிள் சந்தையில் கிடையாது. சைக்ளோகிராஸ் சைக்கிளும் மலைச் சைக்கிளும் வைத்திருந்தவர்கள் அதைக் கொண்டே சமாளித்தார்கள். இந்த ஓட்டத்துக்கென்றே சால்சா நிறுவனம் வார்பேர்ட் என்ற சைக்கிளை 2012-இல்தான் கொண்டுவந்தது. ஷிமானோ நிறுவனம் கிராவலுக்கென்று தனிக் கியர்த் தொகுதி செய்தது 2019-இல். உலக சைக்கிள் சம்மேளனம் கிராவலுக்கென்று உலகப் போட்டி நடத்தியது 2022-இல். கயோலேயில் சிலர் புழுதியில் இறங்கி அப்போது கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், இங்கிலாந்தில் 1955-இலேயே ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்று ஒரு சங்கம், தார் போடாத பாதைகளில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே அமைந்துவிட்டது. தொழிற்சாலைகள் உருவாக்கிய ஆசை இதுவென்றால், அதை அறுபது வருடம் கழித்தா அவை நினைவுகூர்ந்திருக்கும்?

இந்த இடத்தில் மறுதரப்பு கெட்டிக்காரத்தனமான கேள்வி ஒன்றைக் கேட்கும். லெரோயிகாவில் ஐம்பது வருடப் பழைய சைக்கிளே அந்தச் சாலையைத் தாண்டிவிடுகிறது என்றால், கிராவல் சைக்கிள் எதற்கு? நல்ல கேள்விதான். ஆனால் பதில் கேட்டவர் எதிர்பார்க்கும் திசையில் இல்லை. சைக்கிள் தொழிலில் பெரிய மோகம் ஒன்று இருந்தது உண்மை. அது ஒல்லி டயர் மோகம். 1980-களிலும் 90-களிலும் பந்தய சைக்கிள் என்றால் 20 முதல் 23 மில்லிமீட்டர் டயர், அதில் 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மேல் காற்று; எவ்வளவு ஒல்லியோ, எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு வேகம் என்று கடைக்காரரும் சொன்னார், வாங்கியவரும் நம்பினார். அதற்கு முந்தைய தலைமுறை இப்படி நம்பவில்லை. போல் தெ விவீ, செயின்ட் எத்தியேனில் இருந்துகொண்டு வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர், கியர் மாற்றும் வசதிக்காகவும் அகலமான டயருக்காகவும் தம் வாழ்நாள் முழுக்க வாதாடினார். அவர் வழியில் வந்த பிரெஞ்சுப் பயண சைக்கிள்கள் 40 மில்லிமீட்டரை ஒட்டிய டயரோடு மலைக் கணவாய்களின் மண்சாலைகளில் ஏறி இறங்கின. காரணம் எளிது. இறுக்கிக் காற்றடித்த டயர் கல்லை விழுங்காது. கல் வரும்போதெல்லாம் சைக்கிளையும் ஓட்டுபவரையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அப்படித் தூக்கிப் போடச் செலவாகும் சக்தி, கால்கள் முன்னோக்கிச் செல்லக் கொடுத்த சக்தி. அகன்ற டயரில் முப்பது நாற்பது பி.எஸ்.ஐ. காற்றிருந்தால், கல் டயருக்குள் அமுங்கிப் போகும், உடம்பு அசையாமல் முன்னேறும். இன்று டூர் டி பிரான்ஸில் வழவழப்பான தார்ச்சாலையில் ஓடுபவர்களே 28, 30 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டார்கள். ஆக, கிராவல் சைக்கிள் ஒரு புதுச் சரக்கைத் தலையில் கட்டவில்லை. ஒல்லி டயரை நம்பி நாற்பது வருடம் கைவிட்டதைத் திருப்பிக் கொடுக்கிறது.

திராட்சை விளையும் மேட்டுநிலத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். கொடிக்கு நீர் தேங்கக் கூடாது, வெயில் சாய்ந்து விழ வேண்டும்; ஆகவே அது சரிவை நாடுகிறது. கியாந்தியில் மண்ணுக்கடியில் இருப்பது பொடிப்பொடியாக உடையும் கலெஸ்ட்ரோ என்ற களிக்கல்லும், அல்பெரேசே என்ற வெளிர் சுண்ணாம்புக் கல்லும். உடைத்துப் பரப்பினால் அவைதாம் வெள்ளைச் சாலை. மோட்டார் வண்டியை மனத்தில் வைத்து யாரும் இந்தச் சாலைகளுக்கு மட்டம் பார்க்கவில்லை; முகட்டில் இருக்கும் ஒரு பண்ணை வீட்டிலிருந்து அடுத்த முகட்டில் இருக்கும் வீட்டுக்கு மாட்டு வண்டி எப்படிப் போகுமோ அப்படிப் போகின்றன. அதனால்தான் நீண்ட ஏற்றங்கள் குறைவு, சுருக்கென்று நிமிரும் குட்டை ஏற்றங்கள் அதிகம். சியெனாவை நெருங்கும் தறுவாயில் வரும் கொல்லே பின்சுட்டோ ஏற்றம் 15 சதவீதம் வரை நிமிர்கிறது. லெ தோல்ஃபே ஏற்றம் 18 சதவீதத்தைத் தொடுகிறது. உடம்பும் சைக்கிளுமாக 85 கிலோ என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். தொண்ணூறுகளின் பந்தய சைக்கிளில் முன்னே 39 பல், பின்னே 25 பல்; நிமிடத்துக்கு 60 மிதி என்ற அளவில் 15 சதவீத ஏற்றத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டுமே 400 வாட்டுக்கு மேல் வேண்டும். முன்னும் பின்னும் பல் எண்ணிக்கை சமமாக உள்ள கியரில் அதே மிதி வேகத்துக்கு 260, 270 வாட் போதும். முதலாவது, பந்தய வீரரின் கால். இரண்டாவது, ஒழுங்காகப் பழகிய ஒரு சாதாரண மனிதரால் சில நிமிடம் தாங்கக் கூடியது.

அந்த ஏற்றத்தில் சரளை என்ன செய்கிறது என்பதையும் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தார்ச்சாலையில் கியர் போதாதபோது இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்துச் சமாளிக்கலாம். கப்பியில் எழுந்த மறுகணம் பின்சக்கரத்தின் மேலிருந்த பாரம் முன்னே போய்விடும். சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று கல்லை வாரியடிக்கும். வேகம் செத்துக் கால் ஊன்ற வேண்டியதுதான். மறுபடி ஏறி உட்கார்ந்து கிளம்புவது அந்தச் சரிவில் நடவாத காரியம். ஆக, உட்கார்ந்தபடியே, உடம்பைச் சற்றுக் குனித்து, மெல்லச் சுழலும் சின்னக் கியரில், வண்டித் தடங்கள் இரண்டில் கல் இறுகிக் கிடக்கும் ஒன்றைப் பிடித்து ஏற வேண்டும். இறக்கத்தில் கதை வேறு: வளைவுக்கு முன்னால் வண்டிகள் பிரேக் போட்டுப் போட்டுச் சாலை வரிவரியாக மடிந்திருக்கும், அங்கே ஒல்லிச் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் தெறிக்கும், பிரேக் பிடித்தும் பயன் இருக்காது. அகன்ற டயர், சின்னக் கியர், நீண்ட ஃபிரேம், வலுவான டிஸ்க் பிரேக் இவை ஒவ்வொன்றும் இப்படிப்பட்ட ஓர் இடத்துக்குக் கிடைத்த பதில். மலைச் சைக்கிள் போதாதா என்றால், மண்ணுக்குப் போதும். ஆனால் லெரோயிகாவின் 209 கிலோமீட்டர் நெடும்பாதையில் ஏறக்குறைய பாதி தார். நாள் முழுக்கத் தாரும் மண்ணும் மாறிமாறி வரும் நாட்டில், இரண்டிலும் ஓடும் ஒன்றுதான் உபயோகம்.

தொழில்முறைப் பந்தயங்களில் கப்பியைச் சேர்ப்பது தொலைக்காட்சிக்கான வித்தை, அங்கே திறமை தோற்று அதிர்ஷ்டம் ஜெயிக்கும் என்பது இதே கட்சியின் இன்னொரு குரல். லெரோயிகாவிலிருந்து பிறந்த ஸ்ட்ராடே பியாங்கே பந்தயம் 2007 முதல் நடக்கிறது. அதன் வெற்றியாளர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபாபியன் கான்செல்லாரா மூன்று முறை, 2025 வரையில் ததேய் பொகாச்சார் மூன்று முறை, மிகால் குவியாட்கோவ்ஸ்கி இரண்டு முறை, நடுவே அலாஃபிலிப், வான் ஆர்ட், வான் டெர் பூல். பெண்கள் பந்தயத்தில் வான் ஃப்ளூட்டன், கோபெக்கி, ஃபோலரிங் ஆளுக்கு இரண்டு. குலுக்கல் சீட்டில் இப்படி ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப விழுவதில்லை. 2024-இல் பொகாச்சார் 81 கிலோமீட்டர் தூரம் தன்னந்தனியாக முன்னால் போய் ஜெயித்தார். அதில் அதிர்ஷ்டத்துக்கு என்ன பங்கு இருந்திருக்க முடியும்? அதே வருடம் டூர் டி பிரான்ஸ், ஷாம்பெய்ன் திராட்சைக் கொடிகள் வளரும் த்ருவா நகர்ப் பக்கத்தில் 14 வெள்ளைத் தடங்களைக் கொண்ட ஒரு நாளை வைத்தபோது, மொத்தப் போட்டியே குலைந்துவிடும் என்று முன்கூட்டியே புலம்பினார்கள். அந்தோனி துர்ழிஸ் அன்று ஜெயித்தார். மொத்தப் பட்டியலில் முன்னணியில் இருந்த பொகாச்சார், எவனபோல், விங்கேகோர், ரோக்லிச் நால்வரும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். பஞ்சர் ஆகிறது என்பது மெய்தான். மழையும் பக்கக் காற்றும் தார்ச்சாலைப் பந்தயத்திலும் ஆட்களை வீழ்த்துகின்றன. அதற்காகத் தாரை வித்தை என்று யாரும் சொல்வதில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் நிலத்திலிருந்து வருகிறது. திராட்சைத் தோட்டம் ஒருவர் உழைக்கும் இடம். கந்தகமும் செம்பு மருந்தும் தெளிக்கும் நேரம் இருக்கிறது, கவாத்து செய்யும் நேரம் இருக்கிறது, செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் வரை பழம் இறங்கும் நேரம் இருக்கிறது. லெரோயிகா நடப்பதே அக்டோபர் முதல் ஞாயிறன்று, சாஞ்சியோவேசே திராட்சையை டிராக்டர்கள் இழுத்துக்கொண்டிருக்கும் காலத்தில். நகரத்திலிருந்து வந்து இந்தச் சாலையை விளையாட்டுத் திடலாக்க உங்களுக்கு என்ன உரிமை என்று ஒரு விவசாயி கேட்டால், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. டிராக்டர் வந்தால் சைக்கிள் ஒதுங்கி நிற்க வேண்டும். மருந்து தெளிக்கும் வரிசைக்குள் நுழையக் கூடாது. மழை பெய்து களிமண் ஊறிக் கிடக்கும் நாளில் ஓடித் தடம் பதிப்பது, அந்தத் தடம் காய்ந்து இறுகிய பின் அதில் வண்டி ஓட்ட வேண்டியவருக்குச் செய்யும் தீங்கு. இதையெல்லாம் ஒத்துக்கொண்ட பிறகும், இந்தச் சாலைகள் யாருடையவை என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

டஸ்கனியில் நூற்றாண்டுகளாக நடந்தது வாரச் சாகுபடி. நிலமும் வீடும் பண்ணையாருடையவை, உழைப்பு குடியானவர் குடும்பத்துடையது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் குன்றின் மேல் ஒரு வீடு, சுற்றிலும் கொடியும் ஆலிவும் கோதுமையும் கலந்து விளையும் நிலம், அங்கிருந்து பண்ணையின் களஞ்சியத்துக்கும் கோவிலுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போக ஒரு மண்சாலை. இன்று புகைப்படத்தில் அழகாக வளைந்து ஏறும் அந்த வெள்ளைக் கோடு, பங்கை ஏற்றிக்கொண்டு போன பாதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 1964-இல் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. வீடுகள் காலியாகின. கலந்து விளைந்த நிலங்கள் பல இடங்களில் வெறும் திராட்சை வரிசைகளாக மாறின, கல் கட்டிய பழைய படிவரப்புகளை இயந்திரங்கள் சமன்படுத்தின. கைவிட்ட வீடுகளைப் பின்னாளில் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வாங்கி ஓய்வு மாளிகைகளாகவும் விடுதிகளாகவும் ஆக்கினார்கள். குடியானவர் வாழ்க்கையிலிருந்து இடம் மாறாமல் அப்படியே மிஞ்சியவற்றில் பெரியது அந்தச் சாலைகளின் வலைதான். அதில் நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் இல்லாமல் போனால் என்ன ஆகும்? யாரும் போகாத பொதுப்பாதையின் குறுக்கே ஒருநாள் ஒரு சங்கிலி விழும், மறுவருடம் ஒரு கதவு முளைக்கும், சில வருடத்தில் அப்படியொரு பாதை இருந்ததாகவே யாருக்கும் ஞாபகம் இருக்காது. உழைக்கும் விவசாயியின் சங்கடத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சாலையை மூட வேண்டும் என்ற கோரிக்கையால் லாபம் அடைபவர் பெரும்பாலும் அவர் அல்ல.

விலையைப் பற்றிய கண்டனத்தில் பாதியை நானும் சொல்லத் தயார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பின்சக்கரத்தில் ஒரு பல்வட்டு கூடுவதும், முன்னே ஸ்பிரிங் வைத்து, பின்னே ஸ்பிரிங் வைத்து, கடைசியில் மலைச் சைக்கிளையே வேறு பெயரில் கொண்டுவருவதும், தனிக் காலணி தனிச் சட்டை என்று பிரித்துப் பிரித்து விற்பதும் கொள்ளைதான். அது கம்பெனிகளின் பேராசைக்குச் சாட்சி. இந்த ஓட்டம் பொய் என்பதற்குச் சாட்சி ஆகாது. பழைய இரும்பு ஃபிரேம் ஒன்றில் 38 மில்லிமீட்டர் டயர் நுழைய இடமும், பின்னே பெரிய பல்சக்கரமும் இருந்தால் கியாந்தியின் ப்ரோலியோ கோட்டை ஏற்றத்தை ஏறிவிடலாம். விலை உயர்ந்த சைக்கிளைக் காட்டி இதைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள், குறைந்த செலவில் இதைச் செய்யக் கூடியவர்களையும் சேர்த்தே விரட்டுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்று உண்டு, சொல்லாமலேயே எல்லா வாதத்தையும் அதுதான் தாங்குகிறது: தார் போடாத சாலை என்பது இன்னும் முடியாத சாலை, முன்னேற்றம் வந்து சேராத சாலை, அதை வேண்டுமென்றே தேடிப் போவது நடிப்பு. அங்கே குடியிருப்பவருக்குப் புழுதி தொல்லை, காருக்குத் தேய்மானம், ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்ற பயம். இவை மெய்யான குறைகள். ஆனால் கியாந்தியில் ஊர்களை இணைக்கும் சாலைகள் எப்போதோ தாராகிவிட்டன. ஃபிளாரன்ஸிலிருந்து சியெனா வரை கொடிகளுக்கு நடுவே போகும் கியாந்திஜானா சாலை அப்படித்தான். மிஞ்சியிருப்பவை நாளொன்றுக்குச் சில வண்டிகள் மட்டுமே போகும் கிளைச் சாலைகள். செங்குத்தான சரிவில் இப்படிப்பட்ட சாலைக்குத் தார் போட்டால் கார் வேகமாகப் போகும், மழைநீர் ஊறாமல் மொத்தமாகக் கீழே பாய்ந்து கொடி வரிசையின் ஓரத்தை அரிக்கும், போட்ட தார் சில வருடத்தில் வெடித்துப் பெயரும். பெயர்ந்த தாரைவிட மோசமான சாலை கிடையாது. கப்பிச் சாலையும் சும்மா நிற்பதில்லை. ஓரத்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும், நடு உயர்ந்து இருபுறமும் சரியும்படி கிரேடர் ஓட்ட வேண்டும், அடித்துப் போன இடத்தில் கல் கொட்ட வேண்டும். இந்த வேலைக்கு நகரசபை பணம் ஒதுக்க வேண்டுமானால், அந்தச் சாலை யாருக்கோ வேண்டியிருக்கிறது என்று அது கண்ணால் காண வேண்டும். லெரோயிகாவின் பாதை இன்று வருடம் முழுவதும் வழிகாட்டிப் பலகைகளுடன் நிரந்தரப் பாதையாக இருக்கிறது. வெறும் ஏக்கத்தால் அது அப்படி ஆகவில்லை, ஆட்கள் தொடர்ந்து வந்ததால் ஆனது. தார் வந்தால் பின் திரும்ப முடியாது என்பதும் முழு உண்மை அல்ல: அமெரிக்காவில் வண்டி குறைந்த கிராமச் சாலைகளின் தாரைப் பராமரிக்கப் பணமில்லாமல், சில மாவட்டங்கள் அதைப் பெயர்த்து அரைத்து மறுபடி கப்பிச் சாலையாக்கியிருக்கின்றன. இடையில் போட்டதற்கும் பெயர்த்ததற்குமான செலவை அந்த ஊர் மக்கள்தான் ஏற்றார்கள்.